நூல் கடித்த பல்

வாசலில் நிழல் விழுந்ததுமே, தலையை நிமிர்த்தாமல், "வாயத் தொறங்க" என்கிறார் அர்த்தநாரி. தபால்காரரிடமும் அப்படித்தான், கரண்டு மீட்டர் பார்க்க வந்தவரிடமும் அப்படித்தான். மீட்டர்காரர் மரியாதைக்கு வாயைத் திறந்து, ஒரு சொத்தைப் பல்லைப் பறிகொடுத்துவிட்டுத்தான் போனார்.

திருப்பூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், காலால் மிதித்துப் பல் குடையும் மெஷினோடு பதினெட்டு வருஷமாகப் பல் வைத்தியம் பார்க்கிறார். எதிரே என் பேப்பர்க் கடை. வியாபாரம் ஓய்ந்தால் அவருடைய பெஞ்சில்தான் கிடப்பேன். முகம் அவருக்கு மறந்துவிடும், பல் மறக்காது. ஒரு கல்யாண வீட்டில் என்னையே யாரோ போலப் பார்த்தவர், நான் சிரித்த பிறகுதான் அடையாளம் கண்டு கட்டிக்கொண்டார்.

பனியன் கம்பெனி டெய்லர் என்றால் மேல்வரிசை முன்பல்லில் நூல் படுக்கிற அளவுக்கு ஒரு பள்ளம் இருக்குமாம். கத்தரியை எட்டி எடுப்பதற்குள் பல் முந்திக்கொள்ளும் தொழில் அது. "எல்லாரும் கத்திரி எடுத்தா நானு கடைய மூடோணுங்க" என்று சிரிப்பார்.

அறுபத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில் அப்படி ஒரு டெய்லர், சின்னான், நாக்கோரத்தில் புண்ணோடு வந்தான். வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்றான். அர்த்தநாரி வெகுநேரம் பார்த்தார். புண்ணின் ஓரம் எலி கடித்த துணி மாதிரி இருந்தது. அடியில் மஞ்சளாகப் பொடிப்பொடியாகத் தெரிந்தது. சுண்ணாம்புப் புண் பத்து நாளில் ஆறிவிடும், இது ஒன்றரை மாதமாக ஆறவில்லை. இருமல் உண்டா, சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா என்று கேட்டுவிட்டு, பெருந்துறை காசநோய் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

சின்னான் அழுதுவிட்டான். விஷயம் தெரிந்தால் கம்பெனியில் சேர்க்கமாட்டார்கள், குடியிருக்கும் லைன் வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாது என்று சிவன்மலை முருகன் மேல் சத்தியம் வாங்கினான். பெஞ்சில் கிடந்த என்னிடமும் வாங்கினான். ஈரோட்டில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவன் வீட்டுக்குக் கடிதமே போடவில்லை. அர்த்தநாரிக்கு மட்டும் ஒரு கார்டு வந்தது: ஊசி போடுகிறார்கள், புண் ஆறிவிட்டது.

அவன் மனைவி வேலாத்தாள் இரண்டு மாதம் பொறுத்தாள். ஈரோட்டில் விசாரித்து, அப்படி ஓர் ஆளே இல்லை என்றதும் போலீசில் எழுதிக் கொடுத்தாள். மறுவாரம் பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் முகம் அடையாளம் தெரியாத சடலம். போட்டிருந்த பனியனில் சின்னான் வேலை செய்த கம்பெனியின் முத்திரை. அவன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முத்திரையை நம்பினால் திருப்பூரில் பாதிப் பேர் என்றைக்கோ செத்திருக்க வேண்டும், என்னையும் சேர்த்து.

செய்தி கேட்டதும், வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு அர்த்தநாரி சைக்கிளை மிதித்தார். பின்னால் நான் தொற்றிக்கொண்டேன். பிணவறை வாசலில் பெண்கள் வேலாத்தாளைச் சூழ்ந்துகொண்டு தாலியைக் கழற்றும் பேச்சை எடுத்திருந்தார்கள். சின்னான் பெருந்துறையில் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சத்தியம் செய்த வாய், வராது. அர்த்தநாரி சப்-இன்ஸ்பெக்டர் கந்தவேலிடம் கேட்டுக்கொண்டு, டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாக உள்ளே போனார். வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"இது சின்னான் இல்லீங்க. இந்தப் பல்லு நூலே கடிச்சதில்லீங்க. சின்னான் பல்லுல உளுந்த பள்ளம் இனி மூடாதுங்க."

கந்தவேல் தானும் போய்ப் பார்த்துவிட்டு, எழுதிய பெயரை அடித்தார். வேலாத்தாள் எழுந்து வந்தாள்.

"அப்பறம் எங்கூட்டுக்காரரு எங்கீங்க?"

அர்த்தநாரி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவர் அவளை பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப்போய், பெருந்துறை பஸ்ஸில் உட்காரவைத்து, டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்தார். வெளியூர்க்காரர்கள் பெருந்துறைக்கு எதற்குப் போவார்கள் என்று இந்தப் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. வேலாத்தாள் டிக்கெட்டைப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"பொழச்சுக்குவாருங்களா?"

அர்த்தநாரிக்குப் பதில் தொண்டை வரை வந்துவிட்டது. சட்டென்று வாய்க்குள் கையை விட்டு இரண்டு வரிசைப் பல்லையும் கழற்றினார். அவருடையதும் கட்டின பல் என்று அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது. சத்தியம் செய்த அந்தப் பல்லைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துப் பொக்கை வாய் முழுக்கச் சிரித்தார்.