மாதாவின் மடியில் மேயோ

1489ஆம் ஆண்டின் இளவேனிலில், ஆர்னோ ஆற்றில் கம்பளி அலசிக்கொண்டிருந்த பெண்களிடையேதான் ஓவியர் தாதேயோ நன்னினாவை முதன்முதலாகக் கண்டார். கணவனை இழந்தவள்; முழங்கை வரை சிவந்து வெடித்த கைகள். அருகிலிருந்த கூடையில் அவளுடைய ஒரு வயது மகன் மேயோ, தன் காலைத் தானே பிடித்து வாய்க்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

பேட்டைக் கோவிலுக்கு மாதா படம் எழுத ஒப்புக்கொண்டிருந்தார் தாதேயோ. அவருடைய ஆசான் எழுதிய குழந்தை ஏசு, பொன் தகட்டின் நடுவே குட்டி அரசனாக விறைத்து அமர்ந்து, இரு விரல் உயர்த்தி ஆசி வழங்குவார். அந்த விறைப்பு தாதேயோவுக்கு அலுத்துப்போயிருந்தது.

"உன் பிள்ளையை வரைஞ்சுக்கட்டுமாம்மா? குழந்தை ஏசுவுக்கு."

"இவனையா? நேத்துத்தான் எதிர்வீட்டுப் பூனையைக் கடிச்சு வச்சான், மேஸ்திரி!"

கரையே சிரித்தது.

எவ்வளவு கொஞ்சியும் மேயோ விரலை உயர்த்தவில்லை, காலையும் விடவில்லை. அப்படியே எழுதினார். பங்குச் சாமியார் ஜனோபி பார்த்து மகிழ்ந்தார்.

"தேவன் மனுஷனாப் பிறந்தார்னா, காலைப் பிடிச்சு விளையாடாமலா இருந்திருப்பார்? இருக்கட்டும்ப்பா."

அடுத்த கோடைக் காய்ச்சலில் மேயோ இறந்தான். அவளுக்கு அவன் முகம் அந்த ஓவியப் பலகையில் மட்டுமே எஞ்சியது. நன்னினா நாள்தோறும் ஈரப் பாவாடையோடு வந்து படத்தின் முன் நிற்பாள். மற்றவர்கள் "ஏசுவே" என்று தொடங்க, அவள் "மேயோ, தூங்கினியாடா?" என்பாள். எவரும் அதைத் தவறாக எண்ணவில்லை, எண்ணாததே வினையாயிற்று. தம் பிள்ளைகளுக்குச் சுரம் கண்டால், கம்பளி அலசும் பெண்கள் மேயோவுக்கே மெழுகுவத்தி ஏற்றத் தொடங்கினர்.

"பெரிய சாமிக்கு ஆயிரம் சோலி. மேயோ நம்ம பயதானே, சொன்னாக் கேப்பான்."

பின்னர், நகரையே நடுங்கவைத்த ஒரு துறவியின் காலம் வந்தது. ஆடம்பரங்களெல்லாம் சதுக்கத்தில் தீக்கிரையாயின. அச்சத்தில் தாதேயோவும், மேயோவை வரைந்தவை உட்பட, தம் பழைய வரைதாள்களை அத்தீயில் இட்டார். தெரு மக்களின் சாயலை மாதாவுக்கும் குழந்தை ஏசுவுக்கும் தருவது பாவம் என்று பிரசங்க மேடைகள் முழங்கின. ஜனோபி பட்டறைக்கு ஓடிவந்தார்.

"குழந்தை முகத்தை மாத்திடு, தாதேயோ."

"நீங்கதானே சாமி இருக்கட்டும்னீங்க?"

"அப்போ ஊர் வேற. மாத்தலைன்னா பலகையையே தூக்கிட்டுப் போய்க் கொளுத்துவாங்க. என்னால தடுக்க முடியாது. உன்னால முடியுமா?"

முடியாது. தாதேயோ தூரிகையை எடுத்துச் சென்றபோது, நன்னினா கோவிலில் நின்றிருந்தாள்.

"மடியில வேணாம், மேஸ்திரி. பின்னால தேவதூதர் கூட்டத்துல ஒருத்தனா, ஓரமா நிக்கட்டுமே?"

"விடமாட்டாங்கம்மா."

அவள் பார்த்திருக்கவே படத்துப் பிள்ளையின் கண்களை வண்ணம் பூசி மூடினார், பிறகு கன்னங்களை, கடைசியாக வாயை. அவற்றின் மேல், பூமியில் எவருடைய சாயலும் இல்லாத ஒரு முகம் எழுந்தது.

"இது யாரு பிள்ளை?"

"யாரு பிள்ளையும் இல்லை."

"ஐயோ பாவம்" என்றாள் நன்னினா.

மறு ஆண்டே அந்தத் துறவியையும் நகரம் அதே சதுக்கத்தில் எரித்தது. அன்று மாலையே அவள் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

"இனி சுரண்டிடலாம்ல, மேஸ்திரி? அவன் அடியிலதானே இருக்கான்?"

"அடியிலதான் இருக்கான். ஆனா மேல்பூச்சைச் சுரண்டினா, அவனும் சேர்ந்து உதிர்ந்துடுவான்."

அவள் கோவிலை நோக்கி நடந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு மார்ச்சளி முற்றியது. ஆளனுப்பி அழைத்தாள். தாதேயோ சென்று கட்டிலருகே அமர்ந்தார். அதற்குள் எத்தனையோ குழந்தைகளை எழுதிவிட்டிருந்தார். அந்த ஒரு முகம் அவர் நினைவிலும் மற்றவற்றோடு கலந்துபோயிருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் அவர் கையைத் தடவிப் பிடித்தாள்.

"பழுப்புன்னு ஒரு நாள் தோணுது, சாம்பல்னு ஒரு நாள் தோணுது. நீங்கதானே வண்ணம் குழைச்சீங்க, சொல்லுங்க மேஸ்திரி, என் பிள்ளைக்குக் கண்ணு என்ன நிறம்?"