பந்தை விடாத கை

தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையின் பெருமாள் கோயிலில் தீர்த்தம் பெறும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார் அவர். எண்பதை நெருங்கிய வயது. நிமிர்ந்த, நெடிய உடல். குவித்த கையிலோ ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு திசையில் வளைந்திருந்தது. அர்ச்சகர் வார்த்த தீர்த்தம் முழுவதும் இடுக்குகளில் வழிந்துபோக, ஈரமான உள்ளங்கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

நான் பார்ப்பதைக் கவனித்துச் சிரித்தார்.

“இன்னா ஐயா பாக்கறீங்க? மைன்ஸ் ஹாக்கி டீமுக்கு கோல்கீப்பருங்க நான். ஆடறதுக்குன்னே வேலைக்கு எடுத்தாங்க. அப்பல்லாம் கிளவுஸு வெறும் துணி மாதிரி இருக்கும்.”

“விரல் முறிந்தபோது வைத்தியம் பார்க்கவில்லையா?”

“டாக்டர்கிட்ட போனா டீமுக்குத் தெரிஞ்சிடும். ஆட்டம் போச்சுன்னா கேஜு லிஃப்ட்டுல ஏத்தி சுரங்கத்துல எறக்கிடுவாங்க. எங்கப்பா அப்படி எறங்கித்தான் நெஞ்சு கெட்டுப் போய்ச் சேர்ந்தாரு. அதான், நானே துணியச் சுத்திக்கினு கோல்ல நின்னேன். பதினோரு வருசம்.”

“தீர்த்தம் கையில் தங்கவில்லையே என்ற வருத்தம் உண்டா?”

“பந்தையே உடாத கைங்க இது. தண்ணிதானே, போவட்டும். பெருமாள் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு.”

வாழ்நாளெல்லாம் அப்பெருமானின் திருவடிகளைப் பாடிவந்தவன் நான். அடுத்து, என் கையில் வார்த்த தீர்த்தம் ஒரு துளியும் சிந்தாமல் நின்றது. அதைப் பருக எனக்குச் சற்று நேரம் பிடித்தது.