துணைக்கு வந்தவர்கள்

எங்கள் ஊரில் யாரும் வைத்தியத்துக்குத் தனியாகப் போவதில்லை. காய்ச்சல் ஒருவருக்குத்தான் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேராவது போவோம். டாக்டரிடம் பேசுவது துணைக்கு வந்தவரின் வேலை. நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவதும் மூச்சை இழுக்கச் சொன்னால் இழுப்பதும்தான் நோயாளிக்கு. நானும் எத்தனையோ பேருக்குத் துணை போயிருக்கிறேன். என் மாமியார் இருந்தவரை அவருடைய சர்க்கரையைப் பற்றி அவரைவிட நான்தான் நன்றாகப் பேசுவேன். ஆகவே, எனக்குக் கவுன்சிலிங் என்று முடிவானபோது, என் நாத்தனார் ஃபிளாஸ்கில் டீயும் பையில் பிஸ்கட்டுமாக வாசலில் வந்து நின்றதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூருக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் பல் பிடுங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார். கவுன்சிலிங் என்று சொன்னால் தெருவில் என்ன பேசுவார்கள் என்ற கவலை அவருக்கு. பல்லைப் பற்றி அந்தப் பெண் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் சார்பில் அவரே பதில் சொன்னார். எந்தப் பக்கத்துப் பல் என்றுகூடச் சொன்னார்.

உண்மையில் எனக்குத் தொண்டையில்தான் தொந்தரவு. ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி, முழுங்கினாலும் இறங்காது, துப்பினாலும் வராது. அரியலூரில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்றார். வீட்டில் ஏதாவது கவலையா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் பதில் சொன்னார்: "கவலையெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். நல்ல விசேஷந்தான். எங்க தம்பி சபரை முடிச்சுட்டு ஒரேயடியா ஊருக்கு வராரு." எங்கள் பக்கம் வெளிநாட்டு வேலைக்குச் சபர் என்று பெயர். டாக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெரம்பலூரில் இருந்த ஒரு கவுன்சிலிங் இடத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அவர் கெட்டிக்காரர்.

கல்யாணமான சில மாதங்களிலேயே என் கணவர் துபாய் போனார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், பிரியாணியும் விருந்துமாக நாள் ஓடும், போய்விடுவார். எங்கள் மகள் பிறந்து, படித்து, இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவருக்கு எங்கள் வீட்டில் எந்த ஸ்விட்சுக்கு எந்த லைட் எரியும் என்று இன்றுவரை தெரியாது. அது அவர் குற்றமில்லை. ஆனால் அவர் ஊருக்கு வந்து என்ன செய்யப்போகிறார் என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. ஒரு காலையில் கொத்தனார் வந்து, "அண்ணன் போன்ல சொன்னாருங்க, கடைக்கு அளவு எடுக்கணும்" என்றபோதுதான் தெரிந்தது. எங்கள் முன் ஹாலை இடித்து ஷட்டர் போட்டு மளிகைக் கடை வைக்கப்போகிறாராம். அந்த ஹாலில்தான் நான் பல வருடங்களாகச் சாயங்காலத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். நான் கொத்தனாருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்றார், பிடித்துக்கொண்டேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

கவுன்சிலிங் அறை ஒரு கிளினிக்கின் மாடியில் இருந்தது. நடுவில் மேஜை கிடையாது. இரண்டு பிரம்பு நாற்காலிகள், ஒரு ஜக்குத் தண்ணீர், ஒரு மின்விசிறி. எதிரே இருந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். திருமானூர்ப் பக்கத்துக்காரர் என்பது வீட்டை அவர் 'வூடு' என்று சொன்னபோதே தெரிந்தது. இந்தச் சின்னப் பெண்ணா என்னைச் சரிசெய்யப்போகிறது என்று நினைத்தேன். நாத்தனார் அதற்குள் ஆரம்பித்துவிட்டார். என் தூக்கம், என் சாப்பாடு, என் வாயு, எனக்குப் பட்ட கண்ணேறு. அந்தப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா உள்ள இருக்கணுமா, வெளிய இருக்கணுமா? உங்களுக்கு எது சௌகரியம்?"

நாத்தனாரை வைத்துக்கொண்டு என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எப்படி வேண்டுமானாலும் என்றேன். அவர் விடவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை, சும்மா காத்திருந்தார். கடைசியில், டீ ஆறிவிடும், அக்கா வெளியே உட்கார்ந்து குடிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு போகும்போது நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் இருந்த ஃபைலை நீட்டினேன். வேண்டுமானால் சேர்ந்து பார்க்கலாம், கட்டாயமில்லை என்றார். என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று கேட்டேன். மாத்திரை இல்லை, புத்திமதியும் இல்லை என்றார். இங்கே சொல்வது இந்த அறையைத் தாண்டாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறு, அப்போதும் உங்களுக்குச் சொல்லிவிட்டே செய்வேன் என்றார். எதைப் பேசுவது என்பது உங்கள் விருப்பம், பேசாமல் இருந்தாலும் சரி, பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்றார். இதற்கு நபர்மைய முறை என்று பெயராம். "வண்டிய நீங்கதான் ஓட்டுறீங்க. நான் பின்னாடி உக்காந்து வரேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன்? விடை சொல்லித் தராத டியூஷனுக்கு யாராவது பிள்ளையை அனுப்புவார்களா? கோபத்தை அடக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தேன். மாமியார் மவுத்தாகி அடக்கம் செய்தது, மகளுடைய ஹாஸ்டல் சாப்பாடு, நாத்தனாரின் முழங்கால், கணவரின் பிரஷர் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எல்லாரையும் நீங்கதான் பாத்துக்கிட்டிருக்கீங்கன்னு புரியுது. சொல்லச் சொல்ல உங்க கை தொண்டைக்கே போயிட்டிருந்துச்சு."

அடுத்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் இரண்டு பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் யாரோ யார்மீதோ கோபமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே அப்படியும் தெரியவில்லை. நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன், விசிறியைப் பார்த்தேன், நேரம் முடிந்துவிட்டது.

திரும்பும்போது, என்ன சொன்னாங்க என்று நாத்தனார் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் பேசினேன் என்றேன். அவருக்குப் பொறுக்கவில்லை. பேசுவதற்கு வீட்டில் ஆளா இல்லை என்று புலம்பிக்கொண்டே வந்தார். எனக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளக் காடும் வெங்காயக் காடும் ஓடிக்கொண்டிருந்தன, நான் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் இதைச் சொல்ல வேண்டும், அதை விட்டுவிட்டேனே, அதையும் சொல்ல வேண்டும். பெருநாளுக்குத் துணி எடுத்துவிட்டுக் காத்திருக்கும் சிறுமி மாதிரி ஆகிவிட்டேன். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு குதூகலமா என்று வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் தனியாகப் போனேன். நாத்தனாரின் முழங்கால் எனக்கு உதவியது. அதற்கடுத்த வாரமும் போனேன். முதல் நாளே புர்காவை இஸ்திரி போட்டு வைத்துவிடுவேன். ஒரு நாள் கொத்தனார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "கோவமா இருந்திருக்கு போல" என்றார் அவர். இல்லை, கோபம் இல்லை என்றேன். பிறகு என்ன என்று எனக்கே தெரியாமல் கொஞ்ச நேரம் தேடினேன். "அவமானம். என் வீட்டுச் சுவத்தை இடிக்கிறதுக்கு நானே டேப்பு புடிச்சேன்." அவர் தலையசைத்தார். "அவமானம். நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

எனக்குப் புல்லரித்தது. படித்த ஒருவர், என் மனதைப் பற்றி நான் சொன்னதே சரி, தான் சொன்னது தப்பு என்கிறார். என்னைப் பற்றி எல்லாருக்கும் என்னைவிட அதிகம் தெரிந்திருந்த ஒரு தெருவிலிருந்து போனவள் நான். அந்த ஒரு வார்த்தையில் எனக்குள் ஏதோ மடை திறந்துகொண்டது. அடுத்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"அவுங்க வர்றது எனக்குச் சந்தோஷமா இல்ல. பயமா இருக்கு."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். சபரிலிருந்து புருஷன் திரும்பி வருவதை விரும்பாத பெண்ணைப் பார்த்தால் முகம் எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். அவர் முகம் சுருங்கவில்லை. ஐயோ என்றும் சொல்லவில்லை, சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. "இதை இத்தன நாளா ஒத்தையா சுமந்துட்டிருந்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். நான் அழுதேன். பிறகு என்ன காரணமென்று தெரியாமல் சிரித்தேன். அன்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சுடச்சுட இரண்டு பருப்பு வடை வாங்கித் தின்றேன். இரண்டும் தொண்டையில் ஒரு தடங்கலும் இல்லாமல் இறங்கின. அவ்வளவு ருசியான வடையை நான் அதற்கு முன்னால் தின்றதே இல்லை.

அறைக்குள் சொல்வது ஒன்று, என் கணவரிடம் சொல்வது வேறு. சபரில் இருப்பவர்களிடம் கவலையைச் சொல்லக் கூடாது என்பது எங்களிடம் எழுதாத சட்டம். அங்கே தனியாகக் கிடந்து கஷ்டப்படுகிறவரின் மனதைக் கெடுக்கக் கூடாது. மாமியார் வழுக்கி விழுந்த அன்றுகூட, இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம் என்றுதான் நான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அவரும் அங்கே அப்படித்தான் இருந்திருப்பார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் நல்லா இருக்கோம் என்றே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம். சொல்லவா வேண்டாமா என்று அந்தப் பெண்ணிடம் நேராகவே கேட்டுப் பார்த்தேன். அவர் சிக்கவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நானே யோசித்தேன். ஷட்டர் வரும், என் கரும்பலகை பரணுக்குப் போகும், நானும் நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே அதோடு போய்விடுவேன்.

என் கணவர் வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, துணி காயப்போடும் சாக்கில் மொட்டைமாடிக்குப் போனேன். அவருக்கு வாய்ஸ் மெசேஜ் பேசி அழித்தேன், மறுபடி பேசி மறுபடி அழித்தேன். கடைசியில் ஒன்றை அழிக்காமல் அனுப்பினேன். "ஹாலை இடிக்க வேணாங்க. அது என் டியூஷன். நீங்க வர்றதுல எனக்குப் பயமும் இருக்கு. இத்தன வருஷம் நானா இருந்து பழகிட்டேன். கோவப்படுங்க, பரவால்ல. ஆனா என்னைக் கேக்காம என் வாழ்க்கைய முடிவு பண்ணாதீங்க." மாடிப்படியில் இறங்கும்போது நான் கிட்டத்தட்ட ஓடினேன்.

அவர் கேட்டுவிட்டார் என்பதற்கான நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. அதன் பிறகு வந்ததெல்லாம் விமான நேரமும் பெட்டியின் எடையும்தான்.

வந்தார். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து இரண்டு கார் நிறையச் சொந்தக்காரர்கள், போர்வை, சாக்லேட், அத்தர். கூட்டம் கலைந்த பிறகு ஹாலில் நின்று என் கரும்பலகையை நீண்ட நேரம் பார்த்தார். கொத்தனார் வந்தபோது பிறகு பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினார். அது சம்மதமா, கோபமா என்று எனக்குப் புரியவில்லை. என் தொண்டை மறுபடி அடைத்தது.

அந்த வாரம் நான் பெரம்பலூர் கிளம்பும்போது அவரும் சட்டை மாட்டிக்கொண்டார். "நானும் துணைக்கு வரேன்" என்றார். ஃபிளாஸ்கில் டீயை அவரே ஊற்றினார், பாதி கீழே சிந்தியது. பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. அவரும் என் சார்பில் பேச ஆரம்பித்தால், இத்தனை வாரம் நான் தேடி எடுத்ததெல்லாம் வாசலிலேயே போய்விடும்.

கீழே கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண் அன்று புதியவர். என்னைப் பார்க்காமல், வழக்கப்படி, துணைக்கு வந்தவரைப் பார்த்துக் கேட்டார், இவங்களுக்கு என்ன பண்ணுதுங்க என்று.

என் கணவர் வாயைத் திறந்தார். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். "இனிமேத்தான் இவகிட்ட கேக்கணும்."

நான் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கையில் கொடுத்தேன்.

"ஒரு மணி நேரம் உக்காந்திருங்க" என்றேன். "வந்து சொல்றேன்."