ஆறு விரல் கன்னி

போன வருஷம் ஆனி மாசம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், தோளில் துண்டும் கையில் எண்ணெய் பாட்டிலுமாக அருவிக்குப் போகிற கூட்டம். நான் மட்டும் பத்திரம் எழுதுகிறவரைத் தேடிப் போனேன்.

வடகரைக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு பழைய வீடும் கொஞ்சம் வயலும் உண்டு. அப்பா போன பிறகு பூட்டியே கிடந்ததால் விற்றுவிடலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அம்மா என்னோடு மதுரையில் இருக்கிறாள்.

"வாரிசு நீங்க ஒரே பொண்ணுதானாம்மா?" என்று கேட்டார் எழுதுகிறவர். அத்தனை வருஷமாக யார் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிப் பழகியிருந்தேன். அன்று ஏனோ அந்தப் பொய் வரவில்லை. அக்கா ஒருத்தி இருந்தாள், ஓடிப் போய்விட்டாள், தலை முழுகியாகிவிட்டது என்றேன்.

"நீங்க தலை முழுகிட்டா ஆபீஸ்ல பேரு அழிஞ்சிருமாக்கும்? ஒண்ணு அவங்க வந்து கையெழுத்துப் போடணும். இல்லன்னா செத்துப் போனதுக்குச் சர்டிபிகேட் வேணும்."

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயசு, எனக்குப் பத்து. அவளுக்கு இடது காலில் ஆறு விரல். செருப்பு கடிக்கும் என்று வெறுங்காலோடுதான் திரிவாள். நான் கேலி பண்ணினால் அந்தக் காலாலேயே ஒரு உதை கிடைக்கும். தினமும் காலையில் தரைப்பாலத்தைத் தாண்டி வடகரையில் ஒரு தையல் கடைக்குப் போய் ரவிக்கை தைக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு சாரல் நாளில் போனவள் திரும்பவில்லை. அன்றைக்கே தையல்கடைக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போயிருந்தார். போதாதா? இரண்டு பேரும் சேர்ந்து செங்கோட்டை பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தேன் என்று ஒரு ஆள் வேறு சொல்லிவிட்டான். கேரளாவுக்குப் போய்விட்டார்கள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

அப்பா போலீஸுக்குப் போகவில்லை. மானம் போய்விடுமாம். மறுநாள் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, செத்தவர்களுக்குச் செய்வது மாதிரி, எல்லோரையும் கிணற்றடியில் வரிசையாக உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். எனக்கும் ஊற்றினார்கள். அம்மா எழுந்து ஓடப் பார்த்தாள். இரண்டு பேர் பிடித்து அமுக்கிக்கொண்டு குடத்தைக் கவிழ்த்தார்கள். அதோடு அக்கா பேச்சு வீட்டில் நின்றது.

அப்பா இறந்த பிறகுதான் அம்மா மெல்ல ஆரம்பித்தாள். "இந்நேரம் ரெண்டு பிள்ளை இருக்கும். மலையாளத்துலதான் பேசும், நமக்கு ஒண்ணும் வெளங்காது" என்பாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் முதலில் எடுப்பது அவள்தான். அதனால் கையெழுத்துக்காக அக்காவைத் தேடப் போகிறேன் என்று நான் போனில் சொன்னபோது அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! "அவளப் பாத்தா திட்டிராத ஏட்டி" என்றாள்.

தையல்கடைக்காரரைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய காரியமாக இல்லை. துபாயில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார் என்று டீக்கடையிலேயே சொன்னார்கள். ஆட்டோவில் போகும்போது, கதவைத் திறக்கப் போவது அக்காதான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு ஒரு பெண் திறந்து, உள்ளே இருந்த அவரைக் கூப்பிட்டாள்.

நான் யாரென்று சொன்னதும் அந்த மனிதர் முகம் செத்துப்போயிற்று. "இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கணும்னு தோணுச்சாம்மா உங்க வீட்டுக்கு?" என்றார். துபாய் வேலைக்கு ஏஜெண்டிடமிருந்து திடீரென்று தகவல் வந்ததால் அன்று காலை அவர் பம்பாய்க்குக் கிளம்பிப் போயிருக்கிறார், தனியாக. ஊரில் கிளம்பிய பேச்சு, அவர் அம்மா எழுதித்தான் அவருக்கே தெரிந்ததாம். அந்தப் பேச்சால் அவருக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிருக்கிறது.

"உங்கக்கா அன்னைக்குக் கடைக்கு வந்திருந்தாலும் பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிருப்பா. நான் பஸ் ஏறும்போது ஆத்துல செம்மண் கலர்ல தண்ணி ஏறிக்கிட்டு வருது. மலையில நல்ல மழை. தரைப்பாலம் முங்கிட்டுன்னு சனம் பேசிக்கிட்டாங்க. ஆத்துல யாராச்சும் தேடிப் பாத்தீகளா?"

ஆற்றில் யாருமே தேடவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற ஆறு.

மறுநாள் ஒரு ஆட்டோ பேசி, ஆற்றை ஒட்டியே கிழக்கே போய் ஊர் ஊராக விசாரித்தேன். நிறைய வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தில் ஒரு பொண்ணு ஒதுங்கியதா என்று கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மத்தியானம் போல ஒரு சின்ன ஊரில், ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "நம்ம கன்னியவா கேக்க?" என்று சொல்லி, கரையில் ஒரு பூவரச மரத்தடிக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே சுண்ணாம்பு அடித்த ஒரு சின்னச் சாமிப் பூடம். அதன்மேல் சுற்றிய பச்சைப் பாவாடை சாரலில் நனைந்திருந்தது. கீழே சிமெண்டில் இரண்டு பாதம். நான் குனிந்து பார்த்தேன். இடது பாதத்தில் ஆறு விரல்.

"முள்ளுல சிக்கி அங்கன கெடந்தா. போலீஸ் வந்து எழுதிட்டுப் போச்சு. தேடிக்கிட்டு யாராச்சும் வருவாகன்னு கரையிலயே போட்டு ரெண்டு நாளு காவல் இருந்தோம். ஒரு நாதி வரல. பிறகு நாங்களே அடக்கம் பண்ணினோம். கல்யாணம் ஆகாத பிள்ளல்லா, அப்படியே விடக்கூடாதுன்னு பூடம் போட்டாச்சு. இந்தக் காலுதான் அடையாளம், அதனால கொத்தனாரு அப்படியே வச்சிட்டாரு. வருஷா வருஷம் பாவாடையும் வளையலும் வைக்கோம். நீ யாரும்மா அவளுக்கு?"

அந்தக் கரையில் இவர்கள் எங்களுக்காகக் காத்திருந்த நேரத்தில்தான், எங்கள் கிணற்றடியில் எங்கள் தலையில் குடம் குடமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணில் உட்கார்ந்து அந்தச் சிமெண்டுக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மதுரைக்கு வருகிற வழியெல்லாம் ஒரே யோசனை. அம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா? என் வீட்டுக்காரர் போனில், "வயசான காலத்துல எதுக்கு? கேரளாவுல நல்லாருக்கான்னு சொல்லிரு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மாவின் மனசில் அக்கா இத்தனை வருஷம் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். நான் போய் அதை ஒரே பேச்சில் முடிக்க வேண்டும். பொய்யே சொல்வது என்றுதான் வீட்டுப் படி ஏறினேன்.

அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "பாத்தியா? எத்தன பிள்ளைக? என் மேல கோவமா இருக்காளா?" என்று கேட்டாள். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் நான் உடைந்துபோனேன். அக்கா தன்னை வெறுத்துத்தான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்கிறாள் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நம்பிக்கையோடு அவளைச் சாக விட எனக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா அழவில்லை. அக்கா ஓடிப்போனவள் என்பதற்காக எத்தனை கல்யாண வீடுகளில் அவள் தலைகுனிந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓடிப் போயிருக்கலாமே ஏட்டி அவ. ஓடியே போயிருக்கலாமே" என்றாள்.

இறப்புச் சான்றிதழுக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன். வீடு விற்கவில்லை, விற்கிற எண்ணமும் இப்போது இல்லை. ஆனால் எங்கேயாவது ஒரு பெண்ணைக் காணோம் என்று காதில் விழுந்து, பக்கத்தில் யாராவது "யாரோட போனாளாம்?" என்று கேட்டால், முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் சண்டைக்குப் போய்விடுகிறேன், முதலில் அவளைப் போய்த் தேடுங்கள், அவள் எங்கேயோ ஒரு கரையில் உங்களுக்காகக் கிடக்கலாம் என்று.