அத்தான் அணைத்த விளக்கு

என் அக்கா வீட்டுக்காரர் செம்பூரில் பழைய கார்களை வாங்கி விற்கிறார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன், ஓயாத வாய். அவர் தலை ஒரு பேனட்டுக்குள் போய் நான் பார்த்ததில்லை. ஆனால் தாராவியில் கார் பட்டறை வைத்துப் பிழைக்கும் எனக்கு, கார் என்றால் என்னவென்று வகுப்பெடுக்காமல் அவர் ஒருநாளும் போனதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை மகளோடு வந்தார். அவள் டிராம்பேயில் வேலைக்குச் சேர்ந்த புதிது. விற்கிற வண்டிகளை நிறுத்தும் தன் யார்டிலிருந்தே ஒரு காரை எடுத்து அவளுக்குக் கொடுத்திருந்தார். முந்தின நாள் மழையில் அவள் பிரேக்கை மிதித்ததும் சக்கரங்கள் இறுகிக்கொள்ள, வண்டி வழுக்கிக்கொண்டே போய் ஒரு பஸ்ஸின் முதுகுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றிருக்கிறது.

"ஏபிஎஸ் உள்ள வண்டி மாப்ள. லைட்டு எரியல, அப்ப ஏக்தம் ஓகே. இவளுக்குத்தான் பிரேக் புடிக்கத் தெரியல. கொஞ்சம் சொல்லிக்குடு" என்றார். செத்துப் பிழைத்து வந்த மகளைப் பற்றி ஒரு தகப்பன் பேசுகிற பேச்சு இது.

நான் சாவியைத் திருப்பினேன், எஞ்சினைக் கிளப்பவில்லை. பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்வது ஏபிஎஸ்; அது கெட்டால் அதன் விளக்கு எரிந்தே கிடக்கும். நல்ல வண்டியில் சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து, சோதனை முடிந்ததும் சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். ஆயில் விளக்குதான் எஞ்சின் கிளம்பும்வரை எரியும். இதில் இரண்டுமே அணையாமல் எரிந்துகொண்டிருந்தன. கிளப்பியதும் இரண்டும் ஒன்றாக அணைந்தன. மீட்டர் போர்டைக் கழற்றினேன். ஏபிஎஸ் விளக்கின் ஒயரை வெட்டி, ஆயில் விளக்கின் ஒயரோடு முறுக்கி, டேப் சுற்றியிருந்தது. ஸ்கேனரைப் போட்டால், பின்சக்கரத்து சென்சார் ஒன்று செத்துக் கிடந்தது. ஏபிஎஸ் வேலையே செய்யவில்லை. விளக்கு மட்டும் நல்ல பிள்ளையாக நடித்திருக்கிறது.

டேப்பைப் பார்த்ததும் அத்தான் முகம் கறுத்தது. அவருடைய ஒயர்மேன் வழக்கமாகச் சுற்றுகிற பச்சை டேப் அது. சென்சார் மாற்றக் கஞ்சப்பட்டு, வருகிற வண்டிக்கெல்லாம் இதையே செய்யச் சொல்லி, எதெதற்குச் செய்தோம் என்பதையும் மறந்து, அதிலொன்றை மகளுக்கே கொடுத்திருக்கிறார். திருட்டுத்தனம் பண்ணுகிறவனுக்கு ஞாபகசக்தியாவது வேண்டாமா? காறித் துப்பியிருப்பேன். அக்காவை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

"அப்பா, இது ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அவள்.

"லைன்ல எல்லாரும் செய்யுததுதான்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "இதுல கை வைக்காத மாப்ள. நாளைக்கு ஒரு பார்ட்டி வாரான், தள்ளி விட்டுருதேன். இவளுக்கு வேற பாத்துக்கிடலாம். நீ அந்த போர்ட மட்டும் மாட்டிரு."

மாட்ட மாட்டேன் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

மகள் வண்டியிலிருந்து சாவியை உருவி அவரிடம் நீட்டினாள். "அப்ப யார்டுக்கு நீங்களே ஓட்டிட்டுப் போங்கப்பா."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் சாவியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

"சாயங்காலம் டிரைவர அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டு, ரோட்டில் போன ஒரு டாக்சியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.