காப்புக் கட்டிய கையில் கிட்டார்

அன்று காலை ரவாங் மண்டபத்தில் நான் இருந்தேன், என் முதலாளி மணியம் அண்ணன் இருந்தார், கோலாலம்பூரிலிருந்து வந்த கேசட் கம்பெனிக்காரர் இருந்தார். கிட்டார் வாசித்துக் காட்ட வேண்டிய சேகர் மட்டும் இல்லை.

பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் நான் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் ஐந்தாம் படிவம் வரை படித்த முதல் ஆள் நான். கடையில் முதலில் கற்றது வயர் சுற்றுவது.

இன்று ராக் கிட்டார் என்றால் சேகர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அப்போது அவன் படித்த சங்கீதம் வெள்ளிக்கிழமை பஜனை ஆர்மோனியமும் அப்பாவின் உறுமியும்தான். அவன் குடியிருந்த தோட்டத்து லயன் வீடுகளில் பகலில் கரண்ட் கிடையாது. ஞாயிறுதோறும் பழைய எலக்ட்ரிக் கிட்டாரோடு எங்கள் கடைக்கு வந்து ஆம்ப்ளிஃபயரில் செருகிக்கொள்வான்.

“போய் இழுத்துட்டு வாடா. சாயங்காலத்துக்குள்ள வரலன்னா அவரு வேற ஆள எடுத்துருவாரு” என்றார் அண்ணன். மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் பறந்தேன்.

சேகர் கோயில் வாசலில் மஞ்சள் வேட்டியோடு நின்றான். கையில் காப்பு.

“நேத்து கட்டிட்டாங்க. தீ மிதிக்கிற வேண்டுதல். முடியிறவரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக்கூடாது. கம்பெனிக்காரரு அடுத்த வாரம்னுதானே சொன்னாரு?”

தேதியை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்தது கம்பெனிக்காரர். சேகரைக் கேட்காமலே சரி என்றது நாங்கள். அந்தத் திருவிழாவுக்கு ஹார்ன் ஸ்பீக்கர் கட்டியதே நான்தான். அப்போதும் தேதி மோதுவது எனக்கு உறைக்கவில்லை.

தோட்ட ஆபீசிலிருந்து மண்டபத்துக்குப் போன் போட்டேன்.

“கயித்த அவுத்துட்டு வரச் சொல்லுலா” என்றார் அண்ணன்.

“அவங்க அம்மா பக்கத்துல நிக்கிறாங்கண்ணே.”

சேகரின் அம்மா போனில் கேட்கும்படியே சொன்னார்.

“காப்பு எம்புள்ள கையிலதானே இருக்கு தம்பி? அந்தக் கம்பெனி ஆளு கையில இல்லையே. அவர வரச் சொல்லுங்க.”

அண்ணனும் கம்பெனிக்காரரும் டாக்ஸியில் வந்தார்கள். கோயில் தலைவர் ஒரே நிபந்தனை போட்டார்: “மொதல்ல ஆத்தாளுக்கு வாசிக்கட்டும். அப்புறம் கம்பெனிக்கு.”

எங்கள் ஜெனரேட்டர் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கிட்டாரை மைக் ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். கரகம் எடுக்கும்போது பாடும் பாட்டைச் சேகர் தொடங்கினான். பாதியில் அவன் அப்பா யாரும் கேட்காமலே உறுமியோடு வந்து சேர்ந்துகொண்டார். கிட்டாரின் கீழ்க்கம்பிகள் உறுமியைப் போலவே உறுமின. கம்பெனிக்காரர் பற்றவைக்காத சிகரெட்டைப் பாக்கெட்டுக்குள் போட்டுவிட்டுக் கேட்டார்.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“நான் ஒன்னும் சொல்லிக் குடுக்கல சார்” என்றார் அப்பா. “நான் அடிப்பேன். அவன் கேட்டுக்கிட்டுக் கெடப்பான்.”

“காப்ப அவுத்ததும் ஸ்டுடியோவுக்கு வா” என்றார் கம்பெனிக்காரர் சேகரிடம்.

சேகரின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நிமிடம் கோயில் கூரைமேலிருந்த ஹார்ன் கரகரத்து ஊமையானது. பாஸை, அந்தக் கனத்த கீழ்ச்சத்தத்தை, நான் குறைக்காமல் விட்டதில் ஹார்னுக்குள் இருந்த யூனிட் கருகிவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு: தேதி எழுதும் முன் அந்தத் தோட்டத்தில் திருவிழா எப்போது என்று கேளுங்கள். ஹார்னில் கிட்டார் விட்டால் பாஸைக் குறையுங்கள்.

“ஆத்தாளுக்கும் கம்பெனிக்கும் சேத்து ஒரே செலவுலா” என்று சிரித்தார் அண்ணன். டாக்ஸிக்கு முப்பது, யூனிட்டுக்கு நாற்பத்தைந்து. எழுபத்தைந்து வெள்ளி.