புரட்டிப் போடும் நேரம்

ஊக்கக்கா வாத்தியாரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கழுத்தில் எப்போதும் நாலைந்து ஊக்கு குத்தியிருப்பாள். அதனால் அந்தப் பெயர். சிறை மருத்துவமனையில் அவளும் நானும் ஒரே வார்டில் வேலை பார்த்தோம்.

வாக்குப்பெட்டியை மாற்றிவிட்டார்கள் என்று தெருவில் நின்று சொன்னவர் வாத்தியார். விசாரணையில் முதுகெலும்பு போயிற்று. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டாவிட்டால் படுக்கைப்புண் எலும்பைத் தொட்டுவிடும்.

கண்காணிப்பாளர் வந்தார். எங்கள் அரசு சேரத் துடித்த நாடுகளின் கூட்டமைப்பிலிருந்து சிறையைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள். நேர்மையான தேர்தலும் அடி உதை இல்லாத சிறையும் இருந்தால்தான் சேர்ப்பார்களாம்.

"இந்த ஆளை சலவை ரூமுக்குத் தள்ளிட்டுப் போங்க. அவங்க கிளம்புற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது" என்றவர், அக்காவிடம் திரும்பினார். "உன் பையன் நம்ம கேட்லதானே காவல் நிக்கிறான்?"

"ஆமாங்கய்யா."

விருந்தாளிகள் வந்தார்கள். வார்டில் புது விரிப்பு, பெயின்ட் வாசனை, காலிக் கட்டில்கள்.

"இங்க யாருக்கும் நோயே வர்றதில்ல" என்றார் கண்காணிப்பாளர்.

"அப்ப நமக்கு எதுக்குடி சம்பளம்?" என்று அக்கா என் காதைக் கடித்தாள். அவள் கண் கடிகாரத்திலேயே இருந்தது. பேச்சு நீண்டது, புரட்டும் நேரம் தாண்டியது.

"சும்மா இரு அக்கா. பையனை நினைச்சுப் பாரு."

"அவனை நினைச்சுத்தான் இவ்வளவு நேரம் நின்னேன். அங்க அவருக்குப் புண்ணு வெடிச்சிரும்டி."

சலவை ரூம் பக்கம் நடந்தாள். அவள் எங்கே போகிறாள் என்று விருந்தாளிகளில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் பின்னாலேயே போனாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது இருவரும் வாத்தியாரைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தோளை இழுக்காதீங்கம்மா, இடுப்பைத் தாங்குங்க!"

அந்தப் பெண்ணுக்கு மொழி புரியவில்லை, கை புரிந்துகொண்டது. வாசலில் கண்காணிப்பாளர் வியர்த்து நின்றார். வாத்தியார் பெயரை எழுதிக்கொண்டுதான் விருந்தாளிகள் கிளம்பினார்கள். அவர் கட்டில் வார்டுக்குத் திரும்பியது.

மறுநாள் காலை கேட்டில் அக்காவின் மகன் இல்லை, வேறொருவன் நின்றான். அக்காவின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போலீஸ் வேனைக் காட்டினான்.

"இப்ப வலப்பக்கம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறினாள்.

உள்ளே போனேன். "ஊக்கு எங்கேம்மா?" என்றார் வாத்தியார்.

"லீவு" என்றேன். இடுப்பைத் தாங்கி வலப்பக்கம் புரட்டினேன்.